பத்துமலை, ட்வின் டவர், அப்புறம் இன்னொண்ணு...

திருச்சிக்காரனின் பூகோளம் கொஞ்சம் கோணலானது. பல்லவன் எக்ஸ்பிரஸில் ஜன்னலோர சீட் பிடித்து, விழுப்புரத்தில் டீ குடித்து, தாம்பரத்தில் மேலே இருக்கிற பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, எழும்பூர் போய்ச் சேர ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதே திருச்சியில் விமானம் ஏறினால் சுமார் நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர்! ஆக, நம் சொந்த மாநிலத்தின் தலைநகரத்தைவிட மலேசியாவின் தலைநகரம் நமக்குப் பக்கம். நடுவில் வங்காள விரிகுடா இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும். சென்னைக்கு நடுவில் செங்கல்பட்டு இல்லையா?

இந்தக் கணக்கு மலேசியாக்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அவர்களுடைய ஏர் ஏஷியா 2008 டிசம்பரில் இந்தியாவுக்குள் முதன்முதலாகச் சக்கரம் பதித்த ஊர் பம்பாய் இல்லை, டில்லி இல்லை... சாட்சாத் திருச்சிராப்பள்ளி. 2024 ஜூனிலிருந்து புது முனையம் வேறு வந்துவிட்டது. ஆயிரத்து நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தை மனசில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வெளிநாடு போகிறோமா, வைகுண்ட ஏகாதசிக்குப் போகிறோமா என்று ஒரு கணம் சந்தேகமே வந்துவிடும்.

விசாவும் இப்போது தொல்லை இல்லை. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போய்ச் சுற்றிப் பார்க்கலாம். 2026 டிசம்பர் 31 வரை இந்தச் சலுகை. போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் ஒரு வருகை அட்டையை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். அது இலவசம். எந்தத் தளமாவது அதற்குப் பணம் கேட்டால் அது டூப்ளிகேட் என்று அறிக.

வெளிநாட்டுத் தலைநகரம் என்றதும் மிரள வேண்டியதில்லை. நாமும் தலைநகரத்து ஆசாமிகள்தான். சோழர்களுக்கு உறையூர் தலைநகராக இருந்தபோது கோலாலம்பூர் இருந்த இடத்தில் காடு மட்டும்தான். இன்றைக்கு உறையூரில் கைத்தறிச் சேலை கிடைக்கிறது. அங்கே 118 மாடிக் கட்டடம் நிற்கிறது. காலத்தின் கோலம், வேறென்ன?

"கோலாலம்பூரா? ஃபாரின்னு சொன்னியேடா!" என்று ஏமாந்துபோனார், தெற்குச் சித்திரை வீதி மாமா ஒருவர். அவர் கணக்கில் ஃபாரின் என்றால் பனி கொட்ட வேண்டும். "அங்கே எல்லாம் நம்ம மனுஷாதானே இருக்கா? சரி, ஒரு டப்பா நார்த்தங்காய் தரேன். மச்சினன் பிள்ளை பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருக்கான். கொடுத்துடு."

*

ராத்திரி விமானம். நாலில் மூன்று பங்கு பேர் ஆண்கள், வயது முப்பதுக்குள். மேலே லக்கேஜ் வைக்கிற இடத்தில் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு ஊறுகாய், பொடி வகையறா. எனக்குப் பக்கத்து சீட்டில் ஒரு பையன். இருபத்திரண்டு வயசு இருக்கும். ஊர் மணப்பாறைப் பக்கம். சீட் பெல்ட்டைப் போடத் தெரியாமல் வேட்டி மாதிரி முடிச்சுப் போடப் பார்த்தான். மாட்டிவிட்டேன். சிநேகமாகிவிட்டோம்.

"அண்ணே, அங்க பாக்குறதுக்கு என்னென்னண்ணே இருக்கு? ஒரு மூணு எடம் சொல்லுங்க."

எனக்குக் குஷி. பயணக் கட்டுரை எழுதுகிறவனிடம் ஒருத்தன் வலிய வந்து இப்படிக் கேட்டால் விடுவேனா? பத்துமலை முருகன், ட்வின் டவர், மெர்டேகா சதுக்கம் என்று வரலாறு, உயரம் சகிதம் எடுத்துவிட்டேன். பையன் பேனா வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

"அவ்வளவு ஆர்வமா தம்பி?"

"இல்லண்ணே... ஆபீசர் கேட்டா டக்குனு சொல்லணுமாம். சுத்திப் பாக்க வந்தேன்னு சொல்லச் சொல்லியிருக்காரு ஏஜென்ட்டு."

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலையாம். எந்தக் கடை, எந்தத் தெரு, தெரியாது. ஏர்போர்ட்டில் ஒருத்தர் வந்து அழைத்துக்கொண்டு போவார். பெர்மிட்டை 'அங்க போய் மாத்திக்கலாம்'. கொடுத்தது ஒன்றரை லட்சம். அப்பா, இருக்கிற கொஞ்ச நிலத்தை அடமானம் வைத்துக் கட்டியது.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சுற்றிப் பார்க்கிற அனுமதியில் போய் வேலை செய்வது மலேசியச் சட்டப்படி குற்றம். பிடித்தால் அபராதம், ஜெயில், அப்புறம் திருப்பி அனுப்புதல். வேலைக்குரிய அனுமதியை அங்கே இருக்கிற முதலாளி முன்கூட்டியே வாங்கி இங்கே அனுப்ப வேண்டும். போய் மாற்றிக்கொள்கிற சமாசாரமே இல்லை. பையன் ஜன்னல் வழியே கீழே இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப எறங்கவாண்ணே முடியும்?" என்றான்.

முப்பதாயிரம் அடி உயரத்தில் அதற்கு என்ன பதில் சொல்ல? என் செல் நம்பரை அவன் உள்ளங்கையில், மூன்று இடங்களுக்கும் கீழே, எழுதிக் கொடுத்தேன்.

விடிகாலை இறங்கினோம். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தாயிற்று. குடியேற்றத்துறை வரிசையில் பையன் எனக்கு நாலு பேர் முன்னால். அதிகாரி ஏதோ கேட்டார். பையன் உள்ளங்கையைப் பார்த்தான். வியர்வையில் மை கலைந்திருக்க வேண்டும். இன்னொரு அதிகாரி வந்து தோளைத் தொட்டு, ஓரமாக இருந்த ஓர் அறைக்கு அழைத்துப் போனார். அதற்குள் என் முறை வந்துவிட்டது. முத்திரை விழுந்தது. நான் வெளியே, அவன் உள்ளே.

*

விமான நிலையத்திலிருந்து ஊர் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பறக்கிற ரயில் ஒன்று அரை மணியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, கட்டணமும் பறக்கிறது. முதல் நாள் எந்த விலையைப் பார்த்தாலும் மூளை தானாக இருபதால் பெருக்கும். ஒரு ரிங்கிட் ஏறத்தாழ இருபது ரூபாய் ஆயிற்றே. பி.காம். படித்தவனுக்கு இந்த வியாதி இரண்டு மடங்கு. பஸ்ஸில் ஏறினேன். ஒரு மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரல்.

வழி நெடுக போர்டுகளைப் படித்துக்கொண்டே போனது நல்ல பொழுதுபோக்கு. இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கில் அடி வாங்கி வளர்ந்த நமக்கு மலாய் மொழி ஒரு சொர்க்கம். டாக்ஸியை 'டெக்சி' என்றும், ஐஸ்க்ரீமை 'ஐஸ் கிரிம்' என்றும், காதில் விழுந்தபடியே எழுதிவைத்திருக்கிறார்கள். நடுநடுவே நம்ம ஆட்களும் தலைகாட்டுகிறார்கள். கடைக்குப் பெயர் 'கெடாய்'. கப்பல் 'காப்பால்'. பெட்டி 'பெத்தி'. கட்டில் 'காத்தில்'. எல்லாம் எந்தக் காலத்திலோ நம் வணிகர்கள் சரக்கோடு சேர்த்து இறக்கிவிட்டுப் போன சொற்கள். ஒரு வங்கி விளம்பரத்தில் 'மோடல்' என்று இருந்தது. கார் மாடலோ என்று பார்த்தால் இல்லை; மூலதனம். நம்ம 'முதல்'தான், கடல் தாண்டி 'மோடல்' ஆகியிருக்கிறது.

சென்ட்ரலுக்குப் பின்னால் பிரிக்ஃபீல்ட்ஸ். பெயரிலேயே செங்கல் இருக்கிறது. ஒரு காலத்தில் ஊருக்கே செங்கல் சுட்டுக் கொடுத்த சூளைப் பேட்டை. பிறகு ரயில்வேக்காரர்கள் குடியிருந்தார்கள். பொன்மலை தெரிந்தவர்களுக்கு அந்த வாசனை பிடிபடும். 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜீப்பும் சேர்ந்து 'லிட்டில் இந்தியா' என்று திறந்துவைத்தார்கள். மல்லிகைப்பூ, மாலைக்கடை, ஜவுளிக்கடை, ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு. மெயின் ரோட்டுக்கு, சுதந்திரத்துக்குப் பாடுபட்ட தலைவர்களில் ஒருவரான துன் சம்பந்தனின் பெயர்.

ஓட்டல் வாசலில் ஒரு அம்மா கேட்டார்: "தம்பி, பசியாறிட்டீங்களா?"

அசந்துபோனேன். 'டிபன் ஆச்சா' என்று நாம் கேட்பதைத்தான் அங்கே அப்படிக் கேட்கிறார்கள். காலைச் சாப்பாட்டுக்கே பெயர் 'பசியாறல்'. டிபனை நாம் வெள்ளைக்காரனிடமிருந்து வாங்கிக்கொண்டோம். பசியாறலை நம்மிடமிருந்து போனவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். டீக்கு மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சும்மா 'டீ' என்றால் கெட்டிப் பாலும் சர்க்கரையும் சேர்த்து, ஒரு மீட்டர் உயரத்துக்கு ஆற்றிப் பாயசமாகத் தருவார்கள். பால் வேண்டாமென்றால் 'தே ஓ'. சர்க்கரையும் வேண்டாமென்றால் 'தே ஓ கோசோங்'. கோசோங் என்றால் பூஜ்யம். மாசக் கடைசியில் நம் பர்ஸுக்கு வைக்கலாம்.

*

முதலில் பத்துமலை. வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது உத்தமம். சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் ரயில் நேரே மலையடிவாரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. மலாயில் 'பத்து' என்றால் கல். எண்ணிக்கை இல்லை.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து நிமிர்ந்தால், முருகன். 140 அடி. பொன் நிறம். 2006 ஜனவரியில் நிறுவியது. செய்தவர் திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதி. சேலத்துப் பக்கம் ஏத்தாப்பூரில் 2022-ல் இதைவிட ஆறடி கூடுதலாக இன்னொரு முருகனை நிறுத்தியதும் அவரேதான். ஆக, கோலாலம்பூரின் பிக்சர் போஸ்ட் கார்டில் பாதி நம்ம டெல்டாக்காரர் கைவண்ணம்.

குகைக்கு 272 படி. 2018-ல் ஒவ்வொரு படிக்கும் ஒரு கலர் அடித்து வானவில் மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். நம்ம மலைக்கோட்டைப் பாறையின் உயரம் 83 மீட்டர், அடிக்கணக்கில் அதுவும் 272! ஆனால் உச்சிப் பிள்ளையாருக்கு நானூறுக்கு மேல் படி. அண்ணனைப் பார்க்க ஏறிப் பழகிய முழங்காலுக்குத் தம்பி ஒரு பொருட்டே இல்லை. பக்கத்தில் ஒரு ஐரோப்பிய ஜோடி எழுபதாவது படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தது. தண்ணீர் பாட்டிலை ஒரு குரங்கு வாங்கிக்கொண்டது. இந்தக் குரங்குகளிடம் மொழிப் பிரச்னை கிடையாது.

உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. கல்லே உத்தரம், கல்லே தூண். மேலே ஒரு பெரிய ஓட்டை வழியாக வெளிச்சம் சாய்வாக இறங்குகிறது. இந்த இடத்தில் முருகனை வைத்தவர் தம்புசாமிப் பிள்ளை. அரசுக் கருவூலத்தில் குமாஸ்தா உத்தியோகம் பார்த்துப் பிறகு பெரிய செல்வந்தரானவர். ஆபீஸ் நண்பர்கள் கவனிக்க: குமாஸ்தாக்களும் ஊரை உண்டாக்கியிருக்கிறார்கள். 1892-லிருந்து இங்கே தைப்பூசம் நடக்கிறது. இப்போது லட்சக்கணக்கில் காவடி, பால்குடம்.

அதே தம்புசாமிப் பிள்ளை 1873-ல் தொடங்கியதுதான் ஊருக்குள் இருக்கும் மகாமாரியம்மன் கோயில். தைப்பூசத் தேர் இங்கிருந்துதான் பத்துமலைக்குக் கிளம்பும். அடுத்து அங்கே போனேன். ஐந்து நிலைக் கோபுரம். எதிர்சாரியில் சீனக் கோயில், ஊதுவத்திப் புகை. கொஞ்ச தூரத்தில் மசூதி. கற்பூரம், ஊதுவத்தி, பாங்கு மூன்றும் ஒரே காற்றில். நம்மூர் நத்தர்ஷா தர்காவும் லூர்து மாதா கோயிலும் மலைக்கோட்டையும் ஒரே நடைக்குள் இருப்பது ஞாபகம் வந்தது.

*

அந்த மசூதியின் பெயர் மஸ்ஜித் ஜாமெக். 1909-ல் கட்டியது. அதன் பின்பக்கம்தான் கோலாலம்பூரின் ஜாதகம் எழுதப்பட்ட இடம். கோம்பாக், கிள்ளான் என்று இரண்டு நதிகள் அங்கே கூடுகின்றன. 'கோலா' என்றால் ஆறு கூடும் இடம். 'லும்பூர்' என்றால் சேறு. சேற்றுக் கூடல்! காவிரியைப் பார்த்த கண்ணுக்கு அந்த நதிகள் இரண்டும் உய்யக்கொண்டான் வாய்க்கால் மாதிரிதான் தெரிகின்றன. ஆனால் வேடிக்கை பாருங்கள்: ஒரு நதி முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்ததால் நமக்கு ஸ்ரீரங்கம் கிடைத்தது. இரண்டு நதி ஒன்றாகச் சேர்ந்ததால் அவர்களுக்குத் தலைநகரம் கிடைத்தது.

சும்மா கிடைக்கவில்லை. 1857-ல் 87 சீனத் தொழிலாளிகள் வெள்ளீயம் தேடி ஆற்று வழியாகப் படகில் வந்து இந்த இடத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டுக்குள் நடை. ஒரே மாசத்தில் 69 பேர் மலேரியாவில் செத்துப்போனார்கள். மிச்சம் 18. அப்புறமும் ஆள் வந்தது. வந்துகொண்டே இருந்தது. அவர்களுக்கும் ஒரு 'முதல் நாள்' இருந்திருக்கும். என்ன பார்த்திருப்பார்கள்? சேறு.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் மெர்டேகா சதுக்கம். எதிரே சுல்தான் அப்துல் சமது கட்டடம், 1897. சிவப்புச் செங்கல், வளைவுகள், செம்புக் கும்மட்டம், கடிகாரக் கோபுரம். சென்னை ஹைகோர்ட்டின் ஒன்றுவிட்ட தம்பி என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம். நடுவில் பச்சைப் பசேலென்று புல்வெளி. வெள்ளைக்காரர்கள் கிரிக்கெட் ஆடிய மைதானம். 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவு தாண்டியதும் இங்கேதான் பிரிட்டிஷ் கொடி இறங்கியது, மலாயாக் கொடி ஏறியது. மறுநாள் விழாவில் துங்கு அப்துல் ரகுமான் ஏழு முறை 'மெர்டேகா' என்று முழங்கினார். மெர்டேகா என்றால் விடுதலை.

நாலு மணிக்கு, அலாரம் வைத்த மாதிரி, மழை. கோலாலம்பூரில் மத்தியான மழை அடிக்கடி வரும் விருந்தாளி. குடை இல்லாமல் போகாதீர்கள். ஒரு வளைவுக்கடியில் ஒதுங்கி நின்றேன். அந்த அறைக்குள் போன பையன் ஞாபகம் வந்தது. செல்லைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

*

மழை விட்டதும் எல்.ஆர்.டி. ரயில் பிடித்தேன். ரயிலுக்கு டிரைவர் கிடையாது. முன் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நாமே ஓட்டுகிற மாதிரி நினைத்துக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகளோடு நானும் போட்டி போட்டேன்.

கே.எல்.சி.சி. நிலையத்தில் ஏறி வெளியே வந்து, தலையைப் பின்னால் சாய்த்து, இன்னும் சாய்த்து... ட்வின் டவர்.

452 மீட்டர். 88 மாடி. 1998 முதல் 2004 வரை உலகத்திலேயே உயரம். பிறகு தைவான்காரர்கள் தாண்டிவிட்டார்கள். இப்போது அதே ஊரில் 679 மீட்டரில் மெர்டேகா 118 எழும்பி, உலகின் இரண்டாவது உயரமான கட்டடமாக நிற்கிறது. ஆனாலும் மனசுக்குள் புகுந்துகொள்வது இந்த இரட்டையர்கள்தான். ஒரு கோபுரத்தை ஜப்பானியர் தலைமையிலும் இன்னொன்றைக் கொரியர் தலைமையிலும் கொடுத்துப் போட்டி போட்டுக் கட்ட வைத்தார்கள். அடியில் சுண்ணாம்புப் பாறை ஓட்டையும் பள்ளமுமாக இருந்ததால் அஸ்திவாரம் சில இடங்களில் 100 மீட்டருக்கும் கீழே போகிறது. 41, 42-ஆவது மாடிகளில் இரண்டையும் ஒரு பாலம் இணைக்கிறது. மேலே போய்ப் பார்க்க நினைப்பவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்க்கவும், லீவு.

ஸ்ரீரங்கத்துக்காரன் கணக்குப் போடாமல் இருப்பானா? நம்ம ராஜகோபுரம் 236 அடி, அதாவது 72 மீட்டர். ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு ராஜகோபுரம் வைத்தாலும் இதன் உச்சி எட்டாது. இவர்கள் ஆறேழு வருஷத்தில் முடித்தார்கள். நாம் சில நூறு வருஷம் மொட்டைக் கோபுரமாக விட்டுவைத்து, 1987 மார்ச்சில் கும்பாபிஷேகம் செய்தோம். அதனாலென்ன, நமக்கு அவசரம் இல்லை!

விளக்குப் போட்டார்கள். இரண்டு கோபுரமும் வெள்ளி மாதிரி மின்னின. உலகத்து ஜனங்கள் பூராவும் தரையில் படுத்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். அப்போதுதான் வாட்ஸ்அப் 'டிங்' என்றது.

'அண்ணே நான்தான் பிளைட்ல பக்கத்துல உக்காந்தவன். திருப்பி அனுப்புறாங்க. ராத்திரி பிளைட்டு. ரெண்டு எடம் சொல்லிட்டேன். மூணாவது பேரு வாய்ல வரலண்ணே.'

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

'டவர் பாத்தீங்களா? ஒரு போட்டோ போடுங்கண்ணே. ஊர்ல கேப்பாங்க.'

மூன்றாவது இடத்தின் பெயர் நினைவுக்கு வராததால்தான் திருப்பி அனுப்புகிறார்கள் என்று அவன் நம்புகிறான். கையில் ஓட்டல் ரசீது கிடையாது, செலவுக்குப் பணம் கிடையாது, அழைத்துப் போக வரும் ஆசாமியின் பெயர் தெரியாது. ஒரு பார்வையில் அதிகாரிக்குத் தெரிந்திருக்கும். போட்டோ எடுத்து அனுப்பினேன். இரண்டு கோபுரமும் முழுசாக விழுவதற்கு ரொம்பப் பின்னால் போக வேண்டியிருந்தது.

*

ராத்திரி பிரிக்ஃபீல்ட்ஸ். நார்த்தங்காய் டப்பா உரியவரிடம் போய்ச் சேர்ந்தது. மச்சினன் பிள்ளை என்னை ஒரு டீக்கடைக்குக் கூட்டிப் போனார். பக்கத்து மேஜையில் ஒரு பெரியவர். ரயில்வேயில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர்.

"ஊர்லேருந்தா வர்றீங்க? எந்தப் பக்கம்?"

"திருச்சி, ஸ்ரீரங்கம்."

நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "எங்க தாத்தா துறையூர்ப் பக்கம். காவேரில தண்ணி வருதா?"

"வருதுங்க. நீங்க வந்து பாத்திருக்கீங்களா?"

"நான் எங்க! நான் இங்கே பொறந்தவன்."

தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவராம். தாத்தாவின் தம்பியை 1943-ல் ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அந்தப் பாதையில் பல்லாயிரம் தமிழர்கள் மாண்டார்கள். சின்னத் தாத்தாவும் திரும்பி வரவில்லை. பெரியவர் இதைச் சொல்லிவிட்டு டீயை ஆற்றிக் குடித்தார். நான் பையன் கதையைச் சொன்னேன்.

"ஒன்றரை லட்சமா?" என்று நிமிர்ந்தார். "எங்க தாத்தாவுக்குக் கங்காணி டிக்கெட்டு எடுத்துக் குடுத்தான். இப்ப பையன் காசு குடுத்துட்டு வர்றானா?"

அவர் சொன்னது நிஜம். 1907-ல் மலாயாவில் ஒரு குடியேற்ற நிதி ஏற்படுத்தி, தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து, அதிலிருந்துதான் கூலிகளின் கப்பல் கட்டணத்தைக் கொடுத்தார்கள். திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து சாரி சாரியாகப் போனார்கள். தோட்டத்து வாழ்க்கை கொடுமைதான். அதனால்தான் 1938-ல் இந்திய அரசு அப்படி ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. ஆனால் அந்தக் கொடுமையிலும் பயணச் செலவு முதலாளி தலையில். இப்போது தொழிலாளி தலையில். கங்காணிக்குத் தலைப்பாகை இருந்தது. ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப் இருக்கிறது.

நம் பாஷையில் 'முதல்' என்றால் ஆரம்பம் என்றும் அர்த்தம், போட்ட பணம் என்றும் அர்த்தம். மணப்பாறை நிலத்தின் முதல், முதல் நாளே போய்விட்டது. அன்றைக்கு நான் ஏறிய படி, பார்த்த மசூதி, பாலம், கோபுரம் எல்லாவற்றுக்கும் பின்னால் இப்படி யாரோ ஒருத்தன் கொண்டுவந்து போட்ட முதல் இருக்கிறது. சேற்றில் இறங்கிய 87 பேர், துறையூர்த் தாத்தா, செங்கல் சுட்டவர்கள். அது தெரிந்து பார்த்தால் ஊர் இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் கனமாகவும்.

*

போகிறவர்களுக்குச் சில வார்த்தை.

சுற்றிப் பார்க்கப் போகிறீர்களா? பேஷாகப் போய் வாருங்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிட ரசீது, செலவுக்குப் பணம், குடை. காலையில் பத்துமலை, மத்தியானம் நதிக்கரை, அந்தியில் கோபுரம், ராத்திரி பிரிக்ஃபீல்ட்ஸ். ஒரே நாளில் முடியும், முழங்கால் ஒத்துழைத்தால்.

வேலைக்குப் போகிறீர்களா? அதுவும் தப்பில்லை. ஆனால் 1983-ஆம் வருஷத்துக் குடியகல்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் தட்டிப் பார்த்தால் பெயர் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். சேவைக் கட்டணமாக அவர் வாங்கலாம் என்று விதி சொல்வது அதிகபட்சம் 30,000 ரூபாய், மேலே ஜி.எஸ்.டி. பத்தாவது தேறாதவர்கள் மலேசியா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடியகல்வு அனுமதி வாங்கியே ஆக வேண்டும். 'டூரிஸ்டா போய் மாத்திக்கலாம்' என்று எவர் சொன்னாலும், அவர் எவ்வளவு வெள்ளையாகச் சட்டை போட்டிருந்தாலும், பணத்தை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. திருச்சியிலிருந்து ராத்திரி விமானத்தில் உங்கள் பக்கத்து சீட்டில் ஒரு பையன் உட்காரலாம். சீட் பெல்ட் போடத் தெரியாமல் விழிப்பான். 'பாக்குறதுக்கு மூணு எடம் சொல்லுங்கண்ணே' என்று கேட்பான். பெர்மிட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். விமானம் கிளம்புவதற்கு முன்னாலேயே கேட்டால் இன்னும் நல்லது. இடங்களின் பெயரை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். கோபுரம் எங்கேயும் ஓடிப்போய்விடாது.